பிரிட்டிஷ் போலீஸ் தொப்பிச் சின்னங்கள் சேகரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பிரிட்டிஷ் போலீஸ் பேட்ஜ்களைச் சேர்க்கத் தொடங்கும் எவருக்கும் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான்: எந்தக் காலத்தது, அசலா போலியா, எப்படித் துடைப்பது, வைத்திருக்கலாமா. கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்து, எளிதிலிருந்து சிக்கலுக்குப் போகும்படி அடுக்கியிருக்கிறோம். இங்கே ‘படை’ என்றால் ஒரு மாவட்டத்துக்கோ நகரத்துக்கோ உரிய தனி போலீஸ் அமைப்பு.

தொப்பி பேட்ஜ், ஹெல்மெட் தட்டு, காலர் பேட்ஜ் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். என்ன வித்தியாசம்?

எங்கே குத்தியிருந்தது என்பதுதான் வித்தியாசம். முன்விளிம்பு வைத்த தட்டைத் தொப்பியில் இருப்பது தொப்பி பேட்ஜ். பெரும்பாலும் நான்கு முதல் ஆறு சென்டிமீட்டர் உயரம். ரோந்து போகும் கான்ஸ்டபிளின் உயரமான ஹெல்மெட்டில் முன்பக்கம் இருப்பது ஹெல்மெட் தட்டு. அது உள்ளங்கை அளவுக்கு வரும். எட்டு முனை கொண்ட பிரன்ஸ்விக் நட்சத்திரம்தான் அதன் வழக்கமான வடிவம். லண்டன் மாநகரின் நடுப்பகுதியை மட்டும் காக்கும் சிட்டி ஆஃப் லண்டன் போலீஸ் அந்த நட்சத்திரத்தை வைத்துக்கொள்ளவில்லை. நகரத்தின் கேடயச் சின்னமே அவர்களுக்கு அடையாளம்.

காலர் பேட்ஜ் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கும். இரண்டு சேர்ந்தால்தான் ஒரு ஜோடி. இடது வலது எதிரெதிராகப் பார்க்கும் ஜோடிகளும் உண்டு. கென்ட்டின் குதிரை போன்ற விலங்குச் சின்னத்தில் ஒரே பக்கம் பார்க்கும் இரண்டை ‘ஜோடி’ என்று தலையில் கட்டிவிடுவார்கள். படத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். இவை தவிர தோள்பட்டை எழுத்துகள், எண்கள், பொத்தான்கள், பதவிச் சின்னங்கள், கைப்பட்டை, பெல்ட் பூட்டு எல்லாமே இந்தச் சேகரிப்புக்குள் வரும்.

கிரீடத்தைப் பார்த்தால் காலம் தெரியும் என்கிறார்களே, எப்படி?

மூன்று வடிவங்களை மனதில் பதித்துக்கொண்டால் போதும். விக்டோரியா கிரீடத்தில் மேல்வளைவுகள் தட்டையாகி, நடுவில் லேசாக அமுங்கி, தோள் துருத்தினாற்போல் இருக்கும், 1901 வரை. அரசர் கிரீடத்தில் (டியூடர் கிரீடம் என்பார்கள்) வளைவுகள் கோயில் குடைபோல் உருண்டு மேலே எழும். 1901 முதல் 1952 வரை. ராணி கிரீடத்தில் (செயின்ட் எட்வர்ட் கிரீடம்) வளைவுகள் மேலே போய் நடுவில் பள்ளமாக இறங்கும். 1953 முடிசூட்டுக்குப் பிறகு பரவியது.

அரசர் கிரீடம் என்றால் எந்த அரசர் என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ், 1936-இல் ஓராண்டுகூட முழுதாக ஆளாத எட்டாம் எட்வர்ட், ஆறாம் ஜார்ஜ் என நால்வர் காலத்திலும் அதே வடிவம்தான். நடுவில் ‘ஜி.ஆர்.’ (ஜார்ஜ் அரசர்) போன்ற அரச எழுத்துக்கோப்பு இருந்தால் வட்டம் சுருங்கும். இல்லாவிட்டால் உலோகமும் பின்பக்கமும்தான் சாட்சி.

அப்படியானால் அரசர் கிரீடம் இருந்தால் 1952-க்கு முந்தையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாமா?

சொல்லக் கூடாது. 1952 பிப்ரவரியில் ஆறாம் ஜார்ஜ் இறந்த மறுநாளே எந்தப் படையும் ஆயிரக்கணக்கான பேட்ஜைக் குப்பையில் போடவில்லை. கிடங்கில் இருந்தது தீரும் வரை பழையதைத்தான் கொடுத்தார்கள். 1950-களின் பிற்பகுதியில் எடுத்த புகைப்படத்தில் அரசர் கிரீடம் தெரிந்தால் அது தவறான படம் அல்ல. கிரீடம் ‘இதற்கு முன் செய்திருக்க முடியாது’ என்பதைத்தான் உறுதியாகச் சொல்லும். ‘இதற்குப் பின் அணிந்திருக்க முடியாது’ என்பதைச் சொல்லாது.

இன்னொன்று: 2022-இல் மூன்றாம் சார்லஸ் மறுபடி டியூடர் கிரீடத்தைத் தேர்ந்தெடுத்தார். படைகள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருக்கின்றன. எனவே அரசர் கிரீடம் இப்போது புத்தம்புதிய பேட்ஜிலும் வரும். இதனால் வரும் குழப்பத்தைக் கடைசிக் கேள்வியில் பாருங்கள்.

ஒரு சின்ன நாட்டுக்கு எதற்கு இத்தனை விதமான பேட்ஜ்?

அங்கே ஒரே தேசிய போலீஸ் இருந்ததே இல்லை. 1829-இல் லண்டனுக்கு மெட்ரோபாலிட்டன் போலீஸ், 1839-இல் மாவட்டங்கள் விரும்பினால் படை வைத்துக்கொள்ளலாம் என்ற சட்டம், 1856-இல் வைத்தே ஆக வேண்டும் என்ற சட்டம். இதற்கிடையே நகரங்களும் சின்னச் சின்ன ஊர்களும் தத்தம் படையை வைத்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கேடயம், தனி விலங்கு, தனிப் பொன்மொழி. கென்ட்டுக்கு வெள்ளைக் குதிரை, வாரிக்‌ஷருக்குக் கரடியும் கட்டையும், லங்காஷயருக்குச் சிவப்பு ரோஜா, ஸ்டாஃபர்ட்ஷருக்குக் கயிற்று முடிச்சு, லிவர்பூலுக்கு லிவர் பறவை, எசெக்ஸுக்கு மூன்று வளைந்த கத்திகள்.

பிறகு இணைப்புகள் தொடங்கின. போர்க்காலத்தில், 1943-இல், கென்ட்டில் மட்டும் கான்டர்பரி, டோவர், மார்கேட் உள்ளிட்ட ஒன்பது ஊர்ப் படைகள் மாவட்டப் படைக்குள் கரைந்தன. 1946 சட்டத்தால் 1947 ஏப்ரல் 1 அன்று மேலும் பல சிற்றூர்ப் படைகள் மறைந்தன. 1964 சட்டம் கொண்டுவந்த இணைப்புகளால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த 117 படைகள் 49 ஆகச் சுருங்கின. 1974 ஏப்ரல் 1 அன்று 43 ஆயின. ஒவ்வொரு இணைப்பிலும் சில பேட்ஜ்கள் செத்தன, சில பிறந்தன. சேகரிப்பாளருக்கு இந்த நான்கு தேதிகள் பஞ்சாங்கம் மாதிரி.

புதிதாகத் தொடங்குகிறேன். எதை வாங்கினால் கை சுடாது?

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்காமல் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக டெவன். டெவன் மாவட்டப் படையும் எக்ஸெட்டர் நகரப் படையும் 1966 ஏப்ரலில் சேர்ந்து ‘டெவன் அண்ட் எக்ஸெட்டர்’ ஆனது. 1967 ஜூனில் அதனுடன் கார்ன்வாலும் பிளிமத் நகரப் படையும் சேர்ந்து ‘டெவன் அண்ட் கார்ன்வால்’ ஆனது. ஆறு பெயர்கள், ஒரு கதை. நடுவில் இருப்பது பதினான்கு மாதமே வாழ்ந்த படை. ராணி கிரீடத்தோடு நிறுத்திக்கொண்டால் இந்த வரிசையை நிறைவு செய்வது நடக்கக்கூடிய காரியம். பதினைந்து காசு உருவங்கள் பொறித்த கார்ன்வால் கேடயத்தை எடுத்துவைத்துப் பார்த்தால், எண்ணாமல் விடமாட்டீர்கள்.

முதல் இருபது பேட்ஜையும் ராணி கிரீடக் குரோம் பேட்ஜாக வாங்குவது நல்லது. சாதாரணப் படைகளுடையது ஐந்து, பத்து பவுண்டுக்குக் கிடைக்கும். அந்த விலைக்குப் போலி செய்ய எவனும் மெனக்கெட மாட்டான். அசல் எப்படி இருக்கும், எவ்வளவு கனக்கும் என்று கைக்குப் பழகிய பிறகு விக்டோரியா பக்கம் போங்கள். தலைகீழாகத் தொடங்குபவர்கள்தான் பணத்தை இழக்கிறார்கள்.

முன்பக்கம் பளிச்சென்று அழகாக இருக்கிறது. பின்பக்கத்தை ஏன் எல்லோரும் கேட்கிறார்கள்?

போலி செய்பவன் முன்பக்கத்துக்குத்தான் உழைப்பான். அசல் பேட்ஜ் பெரும்பாலும் மெல்லிய தகட்டை இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவில் வைத்து அடித்தது. முன்னால் மேடாக இருப்பது பின்னால் பள்ளமாக, அதே வடிவில், கூர்மையாகத் தெரியும். குதிரையின் பிடரி முன்னால் எழுந்திருந்தால் பின்னால் அதே பிடரி குழியாக இருக்க வேண்டும். கனமான எனாமல் பேட்ஜ்களில் பின்பக்கம் தட்டையாக இருப்பது இயல்பு; மெல்லிய தகட்டு பேட்ஜில் தட்டையாக இருந்தால் இயல்பல்ல.

அடுத்து மாட்டும் வழி. பெரும்பாலானவற்றில் செம்புக் கம்பியால் ஆன இரண்டு ‘காது’ இருக்கும்; ஹெல்மெட் தட்டில் மூன்றும் வரும். காதுக்குள் ஸ்பிளிட் பின் என்ற இரட்டைக்கால் கம்பி முள்ளைச் செருகித் தொப்பியில் பிடித்திருப்பார்கள். சிலவற்றில் திருகுத் தண்டும் நட்டும். சிலவற்றில் ஸ்லைடர் என்ற நீளத் தகட்டு நாக்கு. அமுக்கினால் கவ்விக்கொள்ளும் பட்டாம்பூச்சிப் பின் இருந்து, ‘1930-களின் பேட்ஜ்’ என்று விற்றால் கேட்காமலே நகர்ந்துவிடலாம்.

காதின் அடியைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பழைய பற்றவைப்பைச் சுற்றி பல ஆண்டு மெருகுப்பசை வெள்ளையாகவோ பச்சையாகவோ இறுகிக் கிடக்கும். வெள்ளியாக மின்னும் புதுப் பற்று, சுற்றிலும் துப்புரவு என்றால், ஒன்று காது உடைந்து மாற்றியது, இல்லையேல் பேட்ஜே புதிது.

பித்தளை, வெள்ளை உலோகம், குரோம், ஸ்டேபிரைட்... உலோகத்தை வைத்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

நிறையவே. ‘வெள்ளை உலோகம்’ என்பது செம்பும் துத்தநாகமும் நிக்கலும் கலந்தது. அதன் இன்னொரு பெயரில் வெள்ளி இருந்தாலும் ‘நிக்கல் சில்வரில்’ ஒரு குந்துமணி வெள்ளி கிடையாது. உண்மையான வெள்ளியில் செய்தவை உயரதிகாரிகளுக்கு. அவற்றில் சிங்கம் முத்திரையும், பர்மிங்காமில் சோதித்திருந்தால் நங்கூரமும், ஆண்டுக்கான எழுத்தும் இருக்கும். அந்த எழுத்து கிரீடத்தைவிட நம்பகமான தேதி.

குரோம் முலாம் தொழில்முறையில் வந்ததே 1920-களில். ஆகவே குரோம் பூசிய விக்டோரியா பேட்ஜ் என்றால் பிற்காலத்தில் யாரோ முலாம் ஏற்றியது, அல்லது பொய். நிறமேற்றிய அலுமினியம் (ஸ்டேபிரைட்) 1950-களில் பரவியது. இறகு மாதிரி இலேசாக இருக்கும். அலுமினியத்தில் அரசர் கிரீடம் வந்தால் புருவத்தை உயர்த்துங்கள்.

காந்தம் வைத்துப் பாருங்கள். பித்தளை, வெள்ளை உலோகம், அலுமினியம் எதிலும் ஒட்டாது. பளிச்சென்று ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டாவிட்டால் அசல் என்று அர்த்தமில்லை. மலிவான துத்தநாக வார்ப்பிலும் ஒட்டாது.

வார்ப்புப் போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

அசல் பேட்ஜிலிருந்து அச்சுப் பதித்து உலோகத்தை ஊற்றி எடுப்பது வார்ப்பு. ஆறும்போது உலோகம் சுருங்கும். ஐம்பது மில்லிமீட்டர் அசலிலிருந்து எடுத்த வார்ப்பு அரை முதல் ஒரு மில்லிமீட்டர் குறையும். கேலிப்பர் இருந்தால் இதைப் பிடித்துவிடலாம். ஒப்பிட ஒரு நல்ல அசலின் அளவு கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எடையும் காட்டிக்கொடுக்கும்: தகட்டில் அடித்ததைவிட வார்ப்பு தடிப்பாக, கனமாக வரும்.

பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் பார்த்தால் எழுத்துகளின் விளிம்பு சோப்பு கரைந்தாற்போல் உருண்டிருக்கும். பள்ளங்களில் ஊசி முனை அளவு காற்றுக் குழிகள், தரையில் மணல் சொரசொரப்பு. கிரீடத்தின் இடைவெளிகளை அசலில் அச்சால் வெட்டியிருப்பார்கள். ஓரம் செங்குத்தாக, வெட்டிய கோடுகளுடன் இருக்கும். வார்ப்பில் அந்த ஓரம் அரத்தால் ராவியதாகவோ, பாதி அடைபட்டதாகவோ இருக்கும். ஒரே ஓர் இடத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் இந்தக் கிரீட இடைவெளியைப் பாருங்கள்.

‘மறு அச்சு’ என்பது போலியா, அசலா?

பழைய அச்சு எங்கோ தப்பிப் பிழைத்து, அதில் பின்னாளில் அடித்தால் அது மறு அச்சு. முன்பக்கம் குறை சொல்ல முடியாதபடி இருக்கும், ஏனென்றால் அச்சு அசல். ஆனால் தகடு, முலாம், காது எல்லாம் இன்றையவை. யாரும் அணியாதது. நேர்மையாக ‘மறு அச்சு’ என்று விற்றால் தவறில்லை. சொல்லாமல் விற்பதுதான் வழக்கம்.

தேய்ந்த அச்சில் விவரங்கள் மங்கும். அச்சில் விழுந்த விரிசல் பேட்ஜில் மெல்லிய மேட்டுக் கோடாகப் பதியும். ஒரே கோடு மூன்று நான்கு பேட்ஜில், எல்லாம் ஒரே நபரிடம் என்றால் கதை முடிந்தது. பின்பக்கத்தில் நிறுவனத்தின் பெயர் இருந்தால் நம்பலாமா என்பார்கள். ஃபர்மின், காண்ட் போன்ற பழைய நிறுவனங்களின் பெயர் அசலிலும் உண்டு. ‘ஜே.ஆர். காண்ட் லண்டன்’ என்ற முத்திரையோ ராணுவ பேட்ஜ் மறு அச்சுகளின் ஸ்லைடரில் ஏராளமாக வருகிறது. முத்திரையைச் சாட்சிகளில் ஒன்றாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் தொடங்காத படையின் பேட்ஜ் விற்பனைக்கு வருமா? சிரிக்காதீர்கள், நிஜமாகவே கேட்கிறேன்.

வரும். கற்பனைப் பேட்ஜ் என்றே ஒரு வகை உண்டு. தேம்ஸ் வேலி படை 1968-இல் தொடங்கியது. அதன் பெயரில் விக்டோரியா கிரீடம் வைத்த பேட்ஜ் இருக்கவே முடியாது. வெஸ்ட் மிட்லண்ட்ஸ் இன்னும் நுட்பமான வலை. ‘வெஸ்ட் மிட்லண்ட்ஸ் கான்ஸ்டாபுலரி’ 1966 முதல் 1974 வரை. வுல்வர்ஹாம்ப்டன், வால்சால், டட்லி போன்ற ஊர்களுக்கானது. பர்மிங்காம் அதில் இல்லை. ‘வெஸ்ட் மிட்லண்ட்ஸ் போலீஸ்’ 1974-க்குப் பின், பர்மிங்காமும் சேர்ந்தது. ஒரே ஒரு சொல் வேறு; அதற்கு விலையும் வேறு.

ஆகவே வாங்குமுன் படையின் பிறப்பு, இறப்பு ஆண்டுகளைப் பார்த்துவிடுங்கள். டீஸைட், மான்செஸ்டர் அண்ட் சால்ஃபர்ட், யார்க் அண்ட் நார்த் ஈஸ்ட் யார்க்‌ஷர் மூன்றும் 1968-இல் பிறந்து 1974-இல் முடிந்தவை. ஆறே ஆண்டு வாழ்ந்த படைகள் என்பதால் இவற்றைத் தேடுபவர்கள் அதிகம்.

ஹெல்மெட் தட்டு முழுக்கக் கறுப்பாக இருக்கிறது. யாரோ பெயின்ட் அடித்துக் கெடுத்ததா?

அவசரப்பட்டுச் சுரண்டிவிடாதீர்கள். இரவு ரோந்துக்கென்று கறுப்பாக்கிய தட்டுகளை மெட்ரோபாலிட்டன் உட்படப் பல படைகள் கொடுத்தன. தெருவிளக்கில் மின்னித் திருடனுக்குத் துப்புக் கொடுக்கக் கூடாதல்லவா. அசல் கறுப்பு மெல்லியதாக, பள்ளங்களிலும் சீராக இருக்கும். மேட்டு விளிம்புகளில் மட்டும் துணி உரசித் தேய்ந்து பித்தளை எட்டிப் பார்க்கும். தூரிகைக் கோடும் சொட்டும் தெரிந்தால், காதுகளின் உள்புறம்வரை பெயின்ட் வழிந்திருந்தால், அது பின்னால் வந்த கைவேலை.

‘ஹெச்’ டிவிஷன் தட்டு ஒன்று வந்திருக்கிறது, ஒயிட்சேப்பல் கொலைகள் காலத்தது என்கிறார். வாங்கலாமா?

விக்டோரியா காலத்து மெட்ரோபாலிட்டன் தட்டுகளின் நடுவில் டிவிஷன் எழுத்தும் காவலர் எண்ணும் இருக்கும். ‘ஹெச்’ என்றால் கிழக்கு லண்டனின் ஒயிட்சேப்பல்; ‘ஜாக் தி ரிப்பர்’ பெயரோடு பேசப்படும் 1888 கொலைகளால் அந்த எழுத்துக்கு மட்டும் தனி மவுசு. எழுத்தும் எண்ணும் தனித் துண்டுகளாகப் பொருத்திய தட்டில் ஓர் எழுத்தைக் கழற்றி இன்னொன்றைப் பொருத்த அரைமணி நேரம் போதும். எழுத்தைச் சுற்றிய தரையின் நிறம் மற்ற இடத்தோடு ஒத்துப்போகிறதா, பழைய எழுத்தின் நிழல் தெரிகிறதா, பின்னால் கூடுதல் துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும், அந்த எண்ணை ஒருவர் ஓய்வுபெற்றதும் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். விக்டோரியா கிரீடமும் ‘ஹெச்’ எழுத்தும் 1888-ஐ நிரூபிக்காது. ஒயிட்சேப்பல் தட்டுக்குரிய விலை கொடுங்கள். கொலைக் கதைக்கு விலை கொடுக்காதீர்கள்.

ஸ்காட்லாந்து பேட்ஜ் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே?

ஆமாம். முள்பூவும் ஸ்காட்லாந்துக் கிரீடமும் ‘செம்பர் விஜிலோ’ (எப்போதும் விழிப்பு) என்ற லத்தீன் வாசகமும் கொண்ட பொதுச் சின்னத்தை அங்கே பெரும்பாலான படைகள் ஏற்றுக்கொண்டன. அதனால் பேட்ஜை மட்டும் வைத்துப் படையைச் சொல்வது கடினம். தோள் எழுத்தும் பொத்தானும் கூட வந்தால்தான் தெரியும். தொப்பியைச் சுற்றிய கறுப்பு வெள்ளைக் கட்டம் 1932-இல் கிளாஸ்கோவின் தலைமைக் காவல் அதிகாரி பெர்சி சிலிட்டோ கொண்டுவந்தது. அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். கட்டத்துணி சுற்றிய தொப்பியை ‘1920-களின் கிளாஸ்கோ’ என்று விற்றால் வாங்காதீர்கள்.

குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்கலாமா?

கூடவே கூடாது. புளி, எலுமிச்சை, வினிகர் மூன்றும் அமிலம். பித்தளையின் மேற்பரப்பிலிருந்து துத்தநாகத்தை அரித்துச் செம்பு நிறத்தில் திட்டுத்திட்டாக்கும். முலாம் பூசியதென்றால் முலாமே போய்விடும். குத்துவிளக்கு ஆண்டுக்கு ஐம்பது முறை தேய்த்தாலும் தாங்கும் தடிப்பு. பேட்ஜ் தகடு அப்படியல்ல. பித்தளை துலக்கும் பொடியும் வேண்டாம், அதன் துகள் கோடு போடும்.

செய்ய வேண்டியது இது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் வாசனையில்லாத பாத்திர சோப்புத் திரவம் இரண்டு மூன்று சொட்டு. மிருதுவான பல்துலக்கியால் ஒரு நிமிடம் லேசாகத் தேய்த்து, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் அலசி, பருத்தித் துணியில் ஒற்றி, கூந்தல் உலர்த்தியின் குளிர்காற்றில் காதுகளின் அடிவரை உலர்த்துங்கள். ஸ்பிளிட் பின்னை முன்பே கழற்றிவிடுங்கள். இரும்புப் பின்னின் துரு பித்தளையில் கறையாக ஏறும்.

பச்சைக் களிம்பு மட்டும் போகவே மாட்டேன் என்கிறது?

மினரல் ஆயிலில் (தையல் இயந்திர எண்ணெய் போன்றது) இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, மூங்கில் பல்குத்தியால் கொஞ்சம் கொஞ்சமாக நீக்குங்கள். ஊசி, பிளேடு வேண்டாம். தேங்காய் எண்ணெய் போடாதீர்கள்: நாள்பட அதன் கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்து இன்னும் பச்சையைத்தான் உண்டாக்கும். களிம்பின் கீழே குழி இருந்தால் அது இருந்தபடியே இருக்கட்டும். பிறகு முந்தைய பதிலில் சொன்ன சோப்பு நீரில் கழுவுங்கள்.

குரோம், அலுமினியம், எனாமல் பேட்ஜுக்கும் இதே முறைதானா?

சோப்பு நீர் எல்லாவற்றுக்கும் பொது. அதற்கு மேல் போகும்போதுதான் ஆபத்து. அலுமினியத்தில் தங்க நிறம் என்பது மேல்தோலில் ஏற்றிய சாயம். உலோக மெருகுப்பசை போட்டால் நிமிடத்தில் வெள்ளை அலுமினியம் எட்டிப்பார்க்கும், திருப்ப வழியில்லை. குரோமுக்கு ஈரத்துணி போதும். முலாம் உரிந்து கொப்புளம் வந்திருந்தால் தேய்க்கத் தேய்க்க அது விரியும்.

எனாமல் கண்ணாடி. வெந்நீரில் போட்டால் விரிசல் ஓடும். நகைக்கடையில் வைத்திருக்கும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டால் உதிரும். உதிர்ந்த இடத்தில் நகப்பூச்சு தடவி ‘சரிசெய்தது’ நிறைய வருகிறது. சாய்த்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் குமிழாக, பிளாஸ்டிக் போல் மின்னும்.

காது உடைந்திருக்கிறது. தட்டானிடம் கொடுத்துப் பற்றவைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் சேகரிப்புக்கு வேண்டாம். சூடு முலாமைக் கருக்கும், எனாமலை வெடிக்கவைக்கும், பழைய பற்றைச் சுற்றிய சாட்சியத்தை அழிக்கும். உடைந்த காதோடு இருக்கும் அசல், புதுக்காது வைத்த அசலைவிட நம்பத் தகுந்தது. காட்சிக்கு வைக்க நுரைப்பலகையில் குழி வெட்டினால் போதும்.

நம் ஊர் ஈரத்தில் எப்படிப் பாதுகாப்பது?

உறையைக் கவனியுங்கள். மலிவான பி.வி.சி. உறை நாள்பட வியர்த்து ஒட்டும், பச்சை பிடிக்கவைக்கும். பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன் ஜிப் உறை வாங்குங்கள். ரப்பர் பேண்ட், கம்பளித் துணி இரண்டிலும் கந்தகம் உண்டு, வெள்ளி கறுக்கும். ஓக் போன்ற மரப்பெட்டிகள் அமில ஆவி விடும். மூடிய மரப்பெட்டியில் பித்தளை மங்குவது அதனால்தான்.

மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிகா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மானி. ஐம்பது சதவீதத்துக்குக் கீழே வைத்திருந்தால் போதும். ஜெல் நிறம் மாறினால் காயவைத்து மறுபடி போடுங்கள். கையில் எடுக்கும்போது பருத்திக் கையுறை; நம் வெயில் காலத்து வியர்வையின் உப்பு விரல்ரேகையை அப்படியே பித்தளையில் பொறித்துவிடும்.

வைத்திருப்பது சட்டப்படி குற்றமா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996 போலீஸ் சட்டத்தின் 90-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. ஏமாற்றும் நோக்கில் காவலராக நடிப்பது குற்றம். காவலர் அல்லாதவர் சீருடைப் பொருளை வைத்திருப்பதும் குற்றம், முறையாகப் பெற்றதாகவும் முறையான நோக்கத்துக்கு வைத்திருப்பதாகவும் அவர் நிரூபித்தாலன்றி. தனித்த பேட்ஜும் அதில் அடங்கும். நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது என்பதைக் கவனியுங்கள். எனவே ரசீது, விற்றவரின் விவரம், வாங்கிய தேதி மூன்றும் கோப்பில் இருக்கட்டும்.

மறைந்துபோன படைகளின் பேட்ஜைச் சேகரிப்பில் வைத்தால் யாரும் தேடி வரப்போவதில்லை. தற்போது பணியில் இருக்கும் சீருடையை முழுதாகச் சேர்ப்பது, அணிந்து வெளியே போவது, வாரன்ட் கார்டு எனப்படும் அடையாள அட்டையை வாங்குவது: மூன்றையும் விட்டுவிடுங்கள்.

இணையத்தில் வாங்குகிறேன். விற்பவரிடம் எதைக் கேட்க வேண்டும்?

முன், பின், பக்கவாட்டு என மூன்று படம், காதின் அடி தெளிவாகத் தெரியும் ஒரு நெருக்கப் படம், அளவுகோலை ஒட்டி வைத்த ஒன்று, கிராமில் எடை. ‘பின்பக்கம் எடுக்க நேரமில்லை’ என்று பதில் வந்தால், பணம் கொடுக்க உங்களுக்கும் நேரமில்லை.

வாங்கியதும் பதிவு எழுதுங்கள்: படை, அதன் ஆண்டுகள், கிரீடம், உலோகம், மாட்டும் வழி, அளவு, எடை, விலை. எண்ணை உறையில் எழுதுங்கள், பேட்ஜின் பின்னால் மார்க்கரால் எழுதாதீர்கள். ஒரே படையின் பத்து பேட்ஜுக்கு எடை எழுதி வைத்தால், பதினொன்றாவது வார்ப்பு தானாக மாட்டிக்கொள்ளும்.

மெட்ராஸ், சிலோன் போலீஸ் பேட்ஜுக்கும் இந்தக் கிரீடக் கணக்கு பொருந்துமா?

பொருந்தும், ஆனால் முடிவுத் தேதி ஊருக்கு ஊர் மாறும். இந்தியா 1950 ஜனவரி 26 அன்று குடியரசானது; எலிசபெத் அரியணை ஏறியது 1952-இல். ஆகவே ராணி கிரீடம் போட்ட மெட்ராஸ் போலீஸ் பேட்ஜ் இருக்க வழியில்லை. இலங்கை 1972 வரை முடியாட்சிக்குள் இருந்தது. ராணி கிரீடம் இருக்கிறது என்பதற்காக மட்டும் சிலோன் பேட்ஜைப் போலி என்று தள்ளக் கூடாது. ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய பிரிட்டிஷ் காலனி) 1946-இல் கலைந்தது. அந்தப் பெயரில் ராணி கிரீடம் வந்தால் கற்பனைப் பேட்ஜ்.

விக்டோரியா கிரீடமா, ராணி கிரீடமா என்று பிரிக்கவே முடியவில்லை. இரண்டிலும் நடுவில் பள்ளம்.

அனுபவசாலிகளும் தடுமாறும் இடம். கிரீடத்தை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். குரோமோ அலுமினியமோ என்றால் விக்டோரியாவை மறந்துவிடலாம். படை 1901-க்கு முன் இருந்ததா என்று பார்த்தால் பாதிக் கேள்வி தீரும். விக்டோரியா காலத்தில் கான்ஸ்டபிள்கள் பெரும்பாலும் ஹெல்மெட்தான் அணிந்தார்கள். எனவே விக்டோரியா சின்னம் அதிகமும் தட்டு வடிவில் வரும். சின்னத் தொப்பி பேட்ஜில் பள்ளக் கிரீடம் என்றால் ராணி கிரீடத்துக்கே வாய்ப்பு அதிகம்.

சார்லஸ் காலத்துப் புது பேட்ஜை 1940-கள் என்று விற்றால் கண்டுபிடிக்க முடியுமா?

படையின் பெயர்தான் முதல் வடிகட்டி. இன்றிருக்கும் படைகளில் பல 1966-க்குப் பின் பிறந்தவை. அந்தப் பெயரோடு டியூடர் கிரீடம் வந்தால் அது புதிது, பழையதாக இருக்கவே முடியாது. தேம்ஸ் வேலியில் டியூடர் கிரீடம் 2022 வரை கற்பனை. இனி அது அசலாகவும் இருக்கலாம். மூன்றாம் சார்லஸைக் குறிக்கும் ‘சி.ஐ.ஐ.ஐ.ஆர்.’ எழுத்துக்கோப்பு இருந்தால் சந்தேகமே இல்லை.

சிக்கல் கென்ட், எசெக்ஸ் போல மாவட்டப் பெயரை இன்றும் வைத்திருக்கும் பழைய படைகளில். அங்கே காதின் அடிக்குத் திரும்புங்கள்: அரை நூற்றாண்டு மெருகுப்பசை இறுகியிருக்கிறதா, விளிம்புகள் துணி உரசித் தேய்ந்திருக்கின்றனவா, எழுத்துகளின் முனை மழுங்கியிருக்கிறதா. தேய்மானம் உயரமான இடங்களில் மட்டும் இருக்க வேண்டும். குதிரையின் மூக்கும் கிரீட உச்சியும் பளபளக்க, கால்களுக்கு நடுவே உள்ள பள்ளம் மங்கிக் கிடந்தால் அது பல ஆண்டுகள் துடைத்து வந்த தேய்மானம். எல்லா இடமும் ஒரே அளவு மங்கியிருந்தால் ரசாயனத்தில் முக்கி எடுத்தது.